ஒரு பகலும் ஓர் இரவும் காஞ்சிக்குக் கொடுங்கள்

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு விடுமுறை நாட்களில் காஞ்சிபுரம் வந்திறங்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



சென்னைக் கடற்கரையில் புறப்பட்டு எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு எல்லாம் தாண்டி வரும் மின்ரயிலிலிருந்து உங்களில் சிலர் இறங்குவதை இந்த ஊர் வாரம் தவறாமல் பார்க்கிறது. பக்கவாட்டில் தண்ணீர்ப் பாட்டில் செருகிய பை, கையில் கைப்பேசி, அதில் வரைபடம். அடுத்த சில மணி நேரம் எப்படிப் போகும் என்பது நிலைய வாசலில் நிற்கும் ஆட்டோக்காரருக்கு மனப்பாடம். ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர். பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நான்கு மணியாகும். நடுவில் போக இடமில்லாமல் நிற்கும் பயணியை ஆட்டோ ஒரு பட்டுக்கடை வாசலில் இறக்கிவிடும். குளிரூட்டிய அறையில் அரைமணி, வெளியே வந்து ஒரு காபி, திரும்பும் ரயில். இரவு வீட்டில் கேட்டால் “காஞ்சிபுரம் பார்த்தாச்சு” என்று பதில் வருகிறது.

அந்தப் ‘பார்த்தாச்சு’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். வேன் பிடித்து வரும் குடும்பங்களைக் கேட்க முடியாது. மாலைக்குள் அவர்கள் மாமல்லபுரமும் பார்த்துவிட்டு வீடு சேர வேண்டும். முதுகுப்பையோடு வருபவருக்கு அந்த நெருக்கடி இல்லை. பணம் குறைவாக இருக்கலாம், நேரம் இருக்கிறது. ஒரு முழுப் பகலையும் ஓர் இரவையும் இந்த ஊருக்கும், தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் உத்திரமேரூருக்கும் ஒதுக்கினால் என்ன கிடைக்கும் என்று சொல்லிப் பார்க்கலாம்.

இப்படி வந்து தங்கியவர்களில் உங்களுக்கு மிக மூத்தவர் ஒருவர் உண்டு. கி.பி. 640 வாக்கில், முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலத்தில், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நகரின் சுற்றளவு சீன அளவில் முப்பது லீ, நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள் என்று எழுதிவைத்தார். நாளந்தாவில் புகழ்பெற்ற ஆசிரியரான தர்மபாலர் பிறந்த ஊர் இது என்பதையும் குறித்துக்கொண்டார். இங்கிருந்து இலங்கைக்குப் போக வேண்டும் என்பது அவர் திட்டம். அங்கிருந்து வந்த துறவிகள் அரசர் இறந்த செய்தியையும் பஞ்சத்தையும் சொன்னதால் திரும்பிவிட்டார். அவர் எண்ணிய மடங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 1915-இல் டி.ஏ. கோபிநாத ராவ் காமாட்சியம்மன் கோயிலில் கண்டு சொன்ன, ஆளுயரத்தை மிஞ்சிய புத்தர் சிலை எழும்பூரில் உள்ள சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. காஞ்சியின் ஒரு பெரிய அத்தியாயத்தை நீங்கள் ஏறிவந்த ரயில் எழும்பூரிலேயே கடந்து வந்திருக்கிறது.

காலையில் முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போவது நல்லது. ஊரின் மேற்கு ஓரம், பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய இடம். கூட்டம் இருக்காது. ராஜசிம்மன் என்று பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கி.பி. 700-ஐ ஒட்டி எழுப்பிய கோயில். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இவன் கட்டியதுதான். அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் சிற்பியின் உளிக்குச் சுலபமாக வளைந்து கொடுக்கும், மழைக்கும் காற்றுக்கும் அதே சுலபத்தில் உதிரும். அதனால் சில சிங்கங்களுக்கு முகம் இல்லை, சிலவற்றுக்குப் பிற்காலத்தில் பூசிய சுண்ணாம்பு முகம்.

திருச்சுற்றைச் சுற்றிலும் 58 சிறு சன்னதிகள், ஒரு பயணி மட்டும் உட்காரும் அகலத்தில். அந்தச் சுவர்களில் ராஜசிம்மனின் விருதுப்பெயர்கள் இருநூறுக்கும் மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் வடிவம் இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்ணால் பிடிக்கலாம். சில சன்னதிகளின் உட்சுவரில் ஓவியத் துணுக்குகள் தெரியும்: ஒரு கண், ஒரு தோள், காவி நிறத்தில் ஒரு கோடு. 1931-இல் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் கண்டுசொல்லும்வரை இவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. வேகமாக வலம் வருகிற கண்ணுக்கு இன்றைக்கும் அவை தென்படுவதில்லை.

முன்னால் இருக்கும் மண்டபத்தின் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது. பல்லவரும் சாளுக்கியரும் தலைமுறை தலைமுறையாக ஒருவர் தலைநகரை இன்னொருவர் அழித்தவர்கள். வாதாபியை முதலாம் நரசிம்மவர்மன் எரித்த கதை தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. பழிதீர்க்க வந்த விக்கிரமாதித்தன் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான். எடுத்துச் செல்லாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். கொடுத்ததைத் தன் மொழியில் பொறித்துவிட்டுப் போனான். அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இந்தக் கைலாசநாதரின் சாயலைக் கலை வரலாற்றாளர்கள் காட்டுகிறார்கள். ஹம்பி, பாதாமி என்று அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பட்டடக்கல்லுக்குப் போய் நின்றால் பழக்கமான முகம் ஒன்றைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அடுத்து வைகுந்தப் பெருமாள் கோயில். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், ஆனால் பெரும்பாலான ஆட்டோக்களின் பட்டியலில் இது இருப்பதில்லை. இங்கே போவதற்கு முன் ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

கடம்பி மீனாட்சி 1905-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண், ஆண்டு 1936. பல்லவர் ஆட்சியும் மக்கள் வாழ்வும் அவருடைய ஆய்வுப் பொருள். வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர் முழுக்க இரண்டு வரிசையாகச் சிற்பப் பலகைகள் ஓடுகின்றன. அரசர்கள் அமர்ந்திருக்கிறார்கள், யானைகள் போகின்றன, போர் நடக்கிறது, முடிசூட்டு விழா நடக்கிறது. ஒன்றும் புரியாமல் கடந்துபோக ஏற்ற சுவர். மீனாட்சி ஒவ்வொரு பலகையாக எடுத்துக்கொண்டு, சிலவற்றின் அருகே இருக்கும் கல்வெட்டு வரிகளோடு பொருத்தி, இது பல்லவ வம்சத்தின் வரலாறு என்று காட்டினார். அவரது ஆய்வு 1941-இல் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1940-இல், 34 வயதில் இறந்துபோயிருந்தார். அந்தத் திருச்சுற்றில் நடக்கும் எந்தப் பயணியும் அவர் கண்ணைக் கடன் வாங்கித்தான் பார்க்கிறார்.

அந்தச் சுவர் சொல்லும் கதைகளில் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். கி.பி. 731 வாக்கில் அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துவிடுகிறான். ஊர்ப் பெரியவர்களும் கடிகை என்ற கல்விக்கூடத்தாரும் அதிகாரிகளும் பல்லவர் கிளைக்குடும்பத்தைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் அரசன் கேட்கிறார்கள். அவன் தன் பிள்ளைகளைக் கேட்கிறான். மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறுக்கிறார்கள். கடைசிப் பையன், பன்னிரண்டு வயது, நான் போகிறேன் என்கிறான். மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வருகிறான். இரண்டாம் நந்திவர்மனாக ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆள்கிறான். இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை நாலு பேர் வந்து கூட்டிப்போகிற காட்சியைக் கல்லில் பார்த்துவிட்டு, அடுத்து என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் ரயிலேற மனம் வருமா?

நடை சாத்துகிற நேரம் வந்துவிடும். பட்டுக்கடைக்குப் போக வேண்டிய வேளை. அதற்குப் பதிலாகப் பேருந்து நிலையத்துக்கு நடந்து உத்திரமேரூர் பேருந்தில் ஏறினால் அந்தக் கதையின் மறுபாதி கிடைக்கும்.

பேருந்து பாலாற்றைத் தாண்டும். ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் தெரியும். தண்ணீர் ஓடும் நாளில் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். ஆற்றைத் தாண்டினால் ஏரிகள், வயல்கள், பனைமரங்கள். உத்திரமேரூர் இப்போது ஒரு பேரூராட்சி. நந்திவர்மன், அதே பன்னிரண்டு வயதுப் பையன், பெரியவனானபின் வேதம் கற்ற பிராமணர்களுக்கான சதுர்வேதிமங்கலமாக ஏற்படுத்திய ஊர். அவன் மகன் தந்திவர்மனின் வைரமேகன் என்ற பெயரில் இங்கே வெட்டிய ஏரி வைரமேக தடாகம் எனப்பட்டது. கடைத்தெருவை ஒட்டி, சாதாரண வீடுகளுக்கு நடுவே, முன்பு ஊர்ச்சபை கூடிய மண்டபம் இருக்கிறது. அதன் பெயரும் வைகுந்தப் பெருமாள் கோயில்தான். கற்சுவர் முழுக்க எழுத்து.

பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்தது இதைத்தான். நேரில் நின்றால் அது வேறு மாதிரி இருக்கிறது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். வயதில் மூத்த பூசகர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மடக்கிய விரலுக்குள் வேறொரு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. வாங்கியவர் உரக்க வாசிப்பார். அங்கிருக்கும் பூசகர்கள் எல்லோரும் வாங்கி வாசிப்பார்கள்.

நிற்பவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். காணிக்கடன் கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது. அவருடைய பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனர், மருமகன் யாரும் நிற்க முடியாது. உறவுமுறை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பதவிக்காலம் 360 நாள். ஆட்டைவாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்டவாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரிவாரியத்துக்கு ஆறு பேர்.

இதை மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் பேசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டார். பெருமைப்பட இதில் நிறைய உண்டு. ஆனால் முழுவதையும் வாசிக்க வேண்டும். நிலமுள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்கள் மட்டுமே அந்தக் குடத்துக்குள் இருந்தார்கள். ஏரி வெட்டியவர்களின் பெயர் அதில் இல்லை, வயலில் நட்டவர்களின் பெயர் இல்லை, பெண் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. அதே சுவர் அதையும் ஒளிக்காமல் சொல்கிறது. இன்றைய உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊரில் யாரெல்லாம் வாக்களிக்கிறார்கள், யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தபடி சுவரைச் சுற்றி வருவது நல்ல அனுபவம்.

காஞ்சியில் கல்லில் பார்த்த பையன் நான்கு பேர் கேட்டு அரசனானவன். அவன் ஏற்படுத்திய ஊரில், ஏறத்தாழ 170 ஆண்டு கழித்து, இன்னொரு பையன் குடத்துக்குள் கைவிடுகிறான். ஒரே நாளில், நகரப் பேருந்துக் கட்டணத்தில், இரண்டு பையன்களையும் பார்த்துவிடலாம்.

நான்கு மணிக்கு மேல் சுந்தரவரதப் பெருமாள் கோயில் திறக்கும். மூன்று தளம், தளத்துக்கு ஒரு கோலமாக நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள். காலையில் பார்த்த காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் உடன்பிறப்பு என்று பார்த்ததும் தெரியும். இன்னொரு நாள் கையில் இருப்பவர்கள் பழையசீவரத்துக்கு அருகே திருமுக்கூடலுக்கும் போய்வரலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். வீரராஜேந்திர சோழன் காலத்தில் பதினைந்து படுக்கையோடு ஒரு மருத்துவமனை நடந்ததையும், மருத்துவருக்கும் பணிப்பெண்களுக்கும் கொடுத்த ஊதியத்தையும், இருப்பில் வைத்த மருந்துகளையும் அந்தக் கோயில் சுவர் சொல்கிறது.

இரவுக்குக் காஞ்சிபுரம் திரும்பிவிட வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போனால் குடலை இட்லி கிடைக்கும். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி, கொரகொரப்பாக அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. கையில் எடுத்தால் இலை வாசனை. 2019-இல் இதே கோயிலில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அடுத்தது 2059. இன்று இருபது வயதில் வருகிற பயணி அன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். அதற்குக் காத்திருக்க வேண்டாம், கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை மாலையில் நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலியைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

இரவு தங்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் மறுநாள் விடியல்.

காஞ்சிபுரத்துப் பட்டைக் கடையில் பார்ப்பவருக்குப் புடவை தெரியும், தறி தெரியாது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலையில் நடந்தால் ஓட்டு வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வரும். அண்ணா 1909-இல் பிறந்தது இப்படியொரு நெசவாளர் குடும்பத்தில்தான். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. உள்ளூரிலேயே ஜரிகை செய்ய 1971-இல் தமிழ்நாடு ஜரிகை ஆலை இங்கே தொடங்கப்பட்டது. ஊரின் சொந்தச் சரக்கு கைப்பழக்கம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பிரிக்க முடியாதபடி கோத்துக்கொள்வது கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள் பாவு; உடலின் பாவையும் முந்தியின் பாவையும் இழை இழையாக மாற்றி இணைப்பது பேட்னி. எளிய புடவைக்கே பத்துப் பதினைந்து நாளாகும், வேலைப்பாடு கூடினால் மாதத்தையும் தாண்டும்.

துணைக்கு உட்கார்ந்தவர்கள் ஒரு காலத்தில் குழந்தைகளாக இருந்தார்கள். முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பேசியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதில் அரசுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவி உட்கார்ந்திருக்கிறார். மகனோ மகளோ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைப் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். பிரியதர்ஷன் எடுத்த ‘காஞ்சிவரம்’ படத்தை, 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்ற படம், வருவதற்கு முன் பார்த்துவிட்டு வந்தால் ஊரில் நடக்கும்போது கண் வேறு இடத்துக்குப் போகும். மகளுக்கு ஒரு பட்டுப்புடவை நெய்ய ஆசைப்பட்ட நெசவாளியின் கதை அது.

இந்தத் தெருவில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்த மடலில் அதைத்தான் மிகவும் வற்புறுத்த வேண்டும். தறி இருப்பது ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற வீட்டில். வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். புதிய வடிவமைப்பு இன்னொரு தறிக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. வியர்த்த விரலால் பாவைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கையை நிறுத்தாதீர்கள். நெசவுக்கூலி புடவைக் கணக்கில்தான். மாதச் சம்பளம் கிடையாது. உங்களோடு பேசிய அரைமணி அவர் கணக்கில் நெய்யாத அரைமணி. நேரம் மிகுதியாக உள்ளவர், நேரத்தை இழையாக எண்ணுகிறவர் வீட்டுக்குள் நுழைகிறார் என்ற நினைப்பு இருந்தால் போதும். ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். வாங்க முடியாத புடவைக்கு விலை கேட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டாம். வாங்குகிறவர்கள் அறிஞர் அண்ணா, முருகன், காமாட்சியம்மன் போன்ற பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளையும் பார்க்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், எனவே கைத்தறி முத்திரையையும் சில்க் மார்க்கையும் கேட்டு வாங்குவது வாங்குபவருக்கும் நல்லது, நெய்தவருக்கும் நல்லது.

தறிவீட்டுக்குப் போவதற்கு முன்னால், வெயில் ஏறாத நேரத்தில், தெருவைப் பாருங்கள். சில தெருக்களில் இன்னும் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிறார்கள். வீடு கொள்ளாத நீளம் என்பதால் தெருவே பட்டறை. இரண்டு மூன்று பேர் நடந்துகொண்டே இழைகளைப் பிரிக்கிறார்கள், அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார்கள். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார், பால்காரர் ஓரமாக ஒதுங்குகிறார். வெயில் ஏறினால் பாவைச் சுருட்டி எடுத்துப் போய்விடுவார்கள். ஒன்பது மணி ரயிலில் இறங்குகிறவர் காண்பது வெறும் தெரு.

முந்தின இரவு தங்கிய பயணி அங்கே நிற்பார். மஞ்சள் பட்டில் முதல் வெளிச்சம் விழும். மறுமுனையில் பாவைப் பிடித்திருக்கும் அம்மா தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: “கண்ணு, பையக் கொஞ்சம் அந்தப் பக்கமா புடிச்சுக்கோ. நூல்ல மாட்டிக்கப் போவுது.”